மைனி நிறுத்திய செபம்

இல்லை மைனி, தள்ளிப்போடவில்லை. மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாக முறை வைத்துப் போகும் அன்பியச் செபம் இன்று நம் வீட்டில்தான் நடந்தது. நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம்தான் ஆகிறது, வேண்டுமா என்று கேட்டார்கள். வைத்தேன். எல்லாரும் போய்விட்டார்கள். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த வாசம் மட்டும் அறையில் நிற்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்பும் இதே வாசம்.

என் அண்ணன், உங்கள் கணவர், கடலுக்குப் போய்ப் பதினோராவது நாள். வள்ளம் கிடைத்திருந்தது, கவிழ்ந்து. அண்ணன் கிடைக்கவில்லை. அன்று முறை நமக்கு. துக்க வீடு, அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம் என்று தெருவில் பேச்சு. நீங்கள் வாசலில் நின்றீர்கள்.

"மாதாவ எங்க வீட்டத் தாண்டித் தூக்கிட்டுப் போவியளா? போங்க, பாப்போம்."

உள்ளே வந்தார்கள். செபமாலை முடிந்தது. பக்கத்து வீட்டு அக்கா, வாய்ப்பழக்கத்தில், அண்ணன் பெயரைச் சொல்லி இறந்தவர்களுக்கான செபத்தை ஆரம்பித்துவிட்டார். பாதி வரி. நீங்கள் கையைத் தூக்கினீர்கள்.

"நிறுத்துங்கக்கா. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"பழக்கத்துல வந்துட்டு ஏளா."

"அவிய இருக்காவளா இல்லையான்னு ஆண்டவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாதத அவர்ட்ட நான் சொல்ல மாட்டேன். கடலுக்குப் போனவியளுக்குன்னு செபம் இருக்குல்லா, அதச் சொல்லுங்க."

சொன்னார்கள். வெளியே போய், புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். பல்கலைக்கழகத்தில் படித்ததையெல்லாம் உங்கள்மேல் கொட்டினேன். நீங்கள் விடியற்காலைப் பூசை பார்த்துவிட்டு இறால் கம்பெனிக்குப் போவீர்கள். நாள் முழுக்க நின்றபடி வேலை, ஐஸ் தண்ணீரில் கை. ஒரு நாள் கேட்டே விட்டேன்: அந்தச் சாமியிடம் உங்களுக்குக் கேள்வியே இல்லையா?

"இல்லாமலா? தெனமும் கேக்கேன். நீ வீட்ல இருந்து கேக்க. நான் அங்கன போயிக் கேக்கேன். அம்புட்டுதான்."

பிறகு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு கிளம்பினீர்கள்.

நான்காவது வருடம், கல்லறைத் திருநாள். ஊரில் எல்லாருக்கும் போய் நிற்க ஒரு கல்லறை இருந்தது. நமக்கு இல்லை. நீங்கள் மெழுகுவர்த்தியும் செவ்வந்தியும் வாங்கினீர்கள். யாருக்கு என்று புரியாமல் பின்னால் வந்தேன். சுவரோரம் ஒரு மண்மேடு. சிலுவையில் பெயர் இல்லை. எங்கிருந்தோ கரையில் ஒதுங்கியவர். கத்தோலிக்கர் அணியும் உத்தரியக் கயிறு கழுத்தில் கிடந்ததால் இங்கே அடக்கம் செய்தார்களாம். குனிந்து புல்லைப் பிடுங்கத் தொடங்கினீர்கள்.

"இது யாரு மைனி?"

"எவளோ ஒருத்தி தேடிக்கிட்டிருக்காளே, அவ மாப்பிள்ள."

புல்லைப் பார்த்தபடியே சொன்னீர்கள்:

"ஒங்க அண்ணன் எங்கனயாவது ஒதுங்கியிருந்தா, அங்கன ஒருத்தி இதச் செய்யணும்லா."

வருடா வருடம் செய்து வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் நிறுத்திய செபத்தை அங்கே முழுதாகச் சொன்னீர்கள், நிதானமாக. மறுமொழி சொல்ல ஆளில்லை. நான் சொன்னேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைத் தாண்டிய பிறகுதான்:

"பரவால்லயே ஏளா. மறக்கல போலுக்கே."

உங்களைப் பற்றிப் பேசும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது, மைனி. பாவம், வாழாமல் போய்விட்டாள் என்கிறார்கள். இல்லை என்கிறேன். பதில் வராத இடத்துக்கு ஒவ்வொரு விடியலிலும் கிளம்பிப் போனவர். கடைசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், வயிற்று வலியோடு, அன்றைய கிழமைக்கு உரிய தியானம் எது என்று அறிய நர்ஸிடம் கிழமை கேட்டுச் செபமாலையைத் தொடங்கியவர். இந்த வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார் என்பது எனக்குப் பெருமை.

எனக்கு இன்னும் கேள்விகள் இருக்கின்றன. இப்போது அங்கே போய்க் கேட்கிறேன்.

இன்று செபமாலை முடிந்ததும் இறந்தவர்களுக்கான செபத்தை யாரும் ஆரம்பிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா என்னையே பார்த்தார். ஒருமுறை அதட்டு வாங்கியவர் அல்லவா. நான் ஆரம்பித்தேன். உங்கள் பெயரைச் சொன்னேன். அண்ணன் பெயரைக் கடலுக்குப் போனவர்களோடு சேர்த்துச் சொன்னேன். பிறகு எழுந்துபோய் எல்லாருக்கும் காப்பி ஊற்றினேன்.