தும்பிக்கை தூக்காத யானை

தேவிகுளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சிவசங்கரி அக்காவுக்கு,

கௌசிகா எழுதுவது. நாங்கள் நலம். கொழிஞ்சாம்பாறையில் நீயும் அத்தானும் நலமா? போனில் எனக்குப் பாதிதான் வாய்க்கு வரும், அதனால் எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டிலிருந்து என்னை எர்ணாகுளத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள், அக்கா! பதினைந்து நாள். விருந்தினர் அறையில் துண்டுகளை அன்னம், யானை, மயில் என்று மடித்து வைக்கும் வேலை. அப்பாதான் இன்னும் சரி சொல்லவில்லை. "துணி மடிக்கப் படிக்க எர்ணாகுளம் போகணுமாக்கும்?" என்று சிரிக்கிறார்.

நடந்ததைக் கேள். எங்களுக்கு மடிப்பு சொல்லித் தருபவர் வனிதா மேடம். யானை என்றால் நாலு காலையும் இறுக்கி உருட்ட வேண்டும், தும்பிக்கை மேலே தூக்கியிருக்க வேண்டும். மாற்றக் கூடாது. வியாழக்கிழமை விடாத மழை. துண்டு சரியாகக் காயாததால் தும்பிக்கை தொங்கித் தொங்கி விழுந்தது. அழுகையே வந்துவிட்டது. நம் எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னால் வாழை தின்ன வரும் காட்டு யானை சட்டென்று நினைவுக்கு வந்தது. அது எந்நேரமும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டா நிற்கிறது? மேசையிலிருந்த பழத்தட்டை இழுத்து, தும்பிக்கையை அதற்குள் இறக்கி, ஒரு பூவன் பழத்தைச் சுற்றிவிட்டேன். பின்பக்கத்தை வாசலுக்குத் திருப்பினேன். கை தானாகச் செய்தது.

மேடம் வந்து பார்த்து, "ஏட்டி, விருந்தாளிக்கு முதுகக் காட்டியா வைப்ப?" என்று கத்தினார். பிரிப்பதற்குள் அந்த அறைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மழையில் ஒரு யானையையும் பார்க்காமல் சலித்திருந்த சென்னைக் குடும்பம். ஒரே சிரிப்பு! அந்த அம்மா தன் வீட்டுக்காரரிடம், "சத்தம் போடாதீங்க, திருடிட்டு இருக்கு" என்று கிசுகிசுத்தார். அவர்கள் எடுத்த போட்டோ மேனேஜர் வரை போய்விட்டது.

மறுநாள் மேனேஜர் செய்து காட்டச் சொன்னார். கர்வத்தில் நாலு காலையும் இறுக்கி உருட்டாமல் மனம்போனபடி மடித்தேன். யானை பொத்தென்று படுத்துவிட்டது. "நான் சொன்ன கால்லதாண்டி ஒன் யான நின்னுச்சு" என்று மேடம் சிரித்தார். ஆனால் பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்ததும் அவர்தான். தோகை நிற்க எங்கே இறுக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்துவிட்டால், மழையில் நனைந்த மயிலைக்கூடச் செய்துவிடுவேன், அக்கா!

அம்மாவின் கால் தேவலை. ஆனாலும் ஈரப் படிக்கட்டில் தனியாக இறங்க விட முடியாது. அப்பா வாய்விட்டுச் சொல்லாமல் யோசிப்பதும் அதைத்தான். அந்தப் பதினைந்து நாள் நீ வந்து இருப்பாயா? அத்தானிடம் நீயே பேசு. வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா படியில் விழுந்தபோது, கூட இருந்து பார்த்துக்கொள்ள என் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்களே, அன்றைக்கு நான் அழவே இல்லை என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். இந்த முறை அழுதுவிடுவேன், அக்கா. வந்துவிடு.

உன்னை நம்பியிருக்கும் தங்கை,
கௌசிகா