செலோவில் கேட்ட மலைச் சத்தம்

வியன்னா

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த மழையில் கர்த்தர் உங்களையும் அப்பாவையும் தம் கைக்குள் வைத்திருக்கட்டும். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? நமுனுகுல பக்கம் மண்சரிவு எச்சரிக்கை என்று செய்தியில் பார்த்தேன். நேற்றிலிருந்து உங்கள் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. டவர் வந்ததும் பார்ப்பீர்கள் என்று வட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோவுக்கு நான் எழுதிய இசைக்கு இன்றுதான் முதல் ஒத்திகை. நம் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மலை சரிந்த அன்று மண்ணுக்குள் ஓர் உறுமல் கேட்டதே, அதைத்தான் செலோவுக்கு எழுதியிருந்தேன். செலோக்காரர் அதை வாசித்ததும் நான் எழுந்து ஓடி, நடையிலிருந்த அறைக் கதவையெல்லாம் தட்டி, "வெளிய வாங்க, மலை வருது" என்று தமிழில் கத்தினேனாம். தன் வாசிப்பு பிடிக்கவில்லை என்று நினைத்து அவர் மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

மழை விடும்வரை சேர்ச் மண்டபத்திலேயே படுங்கள். அப்பா, "மாட்ட விட்டுட்டு எப்புடி வர்றது" என்பார். அவிழ்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு மிஸ் கோல் கொடுத்தால் போதும்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். உறுமலுக்குப் பிறகு நாலு பேரும் வாசிக்காமல் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று செலோக்காரர் கேட்கிறார். அம்மா போனை எடுக்கும்வரை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

உங்கள் மகள்,
ஜெனிட்டா