சூப்பர், டாக்டர்

ஆகஸ்ட் 16

இன்றும் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். அமெரிக்கக் கால்பந்து டீமின் பயிற்சி முகாம் விடுதியில் எனக்கு இரண்டாம் மாடி. மற்றவர்கள் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏணியிலிருந்து இறங்குகிற மாதிரி. மற்றவர்களைப் போல இறங்கினால் இடது முட்டிக்குள் எலும்பும் எலும்பும் அரைபடும்.

அதே காலோடு காலையில் ஓடிக் காட்டினேன். கோச் பிரானிகன் கைதட்டினார். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் மூஞ்சி அவருக்கு.

டிவிக்காரி ஒருத்தி வந்தாள். "கரும்புக் காட்டுக்குத் தீ வைக்கும்போது தெறிச்சு ஓடுற முயலைத் துரத்தித்தான் உங்களுக்கு இந்த வேகம் வந்துச்சாமே?" எங்கள் ஏரிக்கரை ஊரிலிருந்து எவன் வந்தாலும் இதே கேள்விதான். ஆமாம் என்றேன். நான் ஒரு முயலையும் துரத்தியதில்லை. அந்தப் புகைக்கு எனக்கு இழுப்பு வரும். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியை அடைத்துவிட்டு அம்மா சோளம் பொட்டலம் கட்டப் போவாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பேன். இழுப்புக்காரக் கறுப்புப் பையன் டிவிக்கு எதற்கு? முயல் துரத்துகிறவன்தான் வேண்டும்.

என் இடத்துக்கு ஒரு புதுப்பயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜாவரியஸ். இருபத்தொரு வயது, ஜார்ஜியாக்காரன். "பெருசு, நீங்க ஆடுனதை நான் ஸ்கூல்ல படிக்கும்போது டிவில பாத்திருக்கேன்" என்றான்.

பெருசாம். எனக்கு இருபத்தெட்டு.

ஆகஸ்ட் 29

ஆள் குறைக்கும் நாள். காலைச் சாப்பாட்டில் யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. டீம் ஆபீஸ் ஆள் கில்ராய் உள்ளே வந்தால் அப்படித்தான். நல்ல மனிதன், எப்போதும் புதினா மிட்டாய் வாசனை. யமகிங்கரன் என்று பெயர் வைத்திருக்கிறோம். தோளைத் தொட்டு, "கோச் கூப்பிடுறாரு. டேப்லட்டையும் எடுத்துக்க" என்பான். ஆட்டத் திட்டமெல்லாம் அதில்தான், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். உன் கதை முடிந்தது.

இன்று பெர்னெலின் தோளைத் தொட்டான். ஐந்து வருஷமாக எனக்கு முன்னால் நின்று, என்மேல் விழ வேண்டிய அடியையெல்லாம் வாங்கியவன். வலது தோள் கிழிந்து ஒரு மாதமாகிறது. டீமில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. அடிபட்டவனைச் சும்மா துரத்த முடியாது. வைத்தியமும் பார்க்க வேண்டும், சம்பளமும் தர வேண்டும். அதனால் துரத்துவதற்கு முன்னால் டாக்டரிடம் அனுப்புவார்கள். டாக்டர் ஒரே கேள்விதான் கேட்பார்: எங்கேயாவது வலிக்கிறதா? ஆமாம் என்று சொன்னால் பிழைத்தாய். பெர்னெல் என்ன சொன்னானாம் தெரியுமா? "ஃபர்ஸ்ட் கிளாஸ், டாக்டர்." வேறு டீம் கூப்பிடும் என்று நினைத்தானாம்.

லாக்கர் அறையே சிரித்தது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக. "எருமைக்குக்கூட வலிச்சா கத்தத் தெரியும்டா" என்றேன்.

செப்டம்பர் 9

அம்மா ஃபோன். "முட்டி எப்படிடா இருக்கு?" சூப்பர்மா.

செப்டம்பர் 24

ஜெயித்தோம். ஆட்டத்துக்கு முன் டீம் டாக்டர் விட்கோம் முட்டியில் ஊசி போட்டார். அதற்கு முன்னால் ஒரு குழாய் நிறைய நீர் எடுத்தார் — ஆறிப்போன டீயின் நிறம். எடுத்து முடித்துவிட்டு, "எப்படி இருக்கே, ராஸ்?" என்று கேட்கிறார். நீரை எடுத்த கை அவருடையது, கேட்கிற வாயும் அவருடையது. என்ன பதில் வேண்டும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சூப்பர், டாக்டர்."

ஃபோனைத் திறந்தால் ரசிகர்களின் அன்பு மழை. என் பெயரில் பந்தயம் கட்டிய ஒருத்தன்: இன்னும் எட்டு கஜம் ஓடியிருந்தால் உன் அப்பன் வீட்டுச் சொத்தா குறைஞ்சிருக்கும், நொண்டி நாயே. முகப்புப் படத்தில் அவன் மடியில் ஒரு பெண்குழந்தை. பின்னால் சர்ச்.

அக்டோபர் 8

மாட்டிக்கொண்டேன்.

தோற்ற ஆட்டம். மைதானத்திலிருந்து பஸ்ஸுக்குப் பின்படி வழியாக இறங்கினேன். அங்கே யாரும் வர மாட்டார்கள். பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக. கீழே வந்து திரும்பினால் ஜாவரியஸ் சுவரில் சாய்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டு நிற்கிறான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"என்ன பெருசு, ரிவர்ஸ் கியரா?"

"மூடிட்டுப் போடா."

சிரிக்கவில்லை அவன். தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "எத்தனை நாளா?" என்றான். பஸ் ஏறினேன்.

நாளைக்குக் கோச்சிடம் ஓதிவிடுவான். நானாக இருந்தால் ஓதியிருப்பேன். நானும் அப்படித்தானே வந்தேன் — இன்னொருத்தன் முட்டியின்மேல் ஏறி.

அக்டோபர் 11

ஓதவில்லை. ஏன்? என்ன விலை கேட்கப்போகிறான்?

அக்டோபர் 30

இன்னும் ஓதவில்லை. அவன் பக்கத்தில் உட்காரவே எரிச்சலாக இருக்கிறது.

நவம்பர் 13

நேற்றைய ஆட்டத்தின் படத்தை இருட்டறையில் போட்டார்கள். நான் தடுக்க வேண்டிய எதிரணி ஆள் என் இடது பக்கமாகப் புகுந்தான். இடது காலை ஊன்ற வேண்டும், ஊன்றவில்லை. நேராகப் போய் எங்கள் பந்தெறிகிறவனைச் சாய்த்தான். கோச் அதையே ஓட்டினார், நிறுத்தினார், மறுபடி ஓட்டினார். சிவப்பு விளக்குப் புள்ளி என் முட்டியில் ஈ மாதிரி உட்கார்ந்தது.

"ராஸ் டில்லரி, இந்தக் காலை வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா?"

சிரித்தார்கள். பின்னாலிருந்து ஜாவரியஸ், "தப்பு என்னுது கோச். வெளியிலேர்ந்து நான்தான் சைகையை மாத்திக் காட்டிட்டேன்" என்றான்.

பச்சைப் பொய். சைகை காட்டும் வேலையே அவனுக்கு இல்லை. கோச்சுக்கும் அது தெரியும்.

வெளியே வந்ததும் சட்டையைப் பிடித்தேன். "உன்கிட்ட நான் பிச்சை கேட்டனாடா?"

"கேக்கல."

"அப்புறம் என்ன மயித்துக்கு?"

"சும்மாதான், பெருசு. விடுங்க, சட்டை கிழியுது."

திட்டினால் பொறுத்துக்கொள்வேன். என் இடத்தைப் பிடுங்கினாலும் பொறுத்துக்கொள்வேன். இரக்கப்படுகிறான் பாரு, அதுதான் குமட்டுகிறது.

நவம்பர் 14

காலைச் சாப்பாடு. புதினா வாசனை. தோளில் கை.

கோச் எழுந்து நின்று கை கொடுத்தார். "நீ ஒரு போர்வீரன், ராஸ்." என் பெயரை இவ்வளவு மென்மையாக அவர் சொன்னதே இல்லை. பிறகு டாக்டரிடம் அனுப்பினார்கள்.

இதை அப்படியே எழுதிவிட வேண்டும்.

அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் நான். மற்றதில் ஜாவரியஸ், கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அதற்குள் சேதி தெரியும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான் — நேற்று இருட்டறையில் எந்தக் குரலில் பேசினானோ அதே மாதிரியான பார்வை.

விட்கோம் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ராஸ், இன்னிக்கு உனக்கு எங்கேயாவது வலிக்குதா?"

இந்த ஐந்து வருஷத்தில் என்னிடம் வலி என்ற வார்த்தை அந்த ஆள் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை.

ஜாவரியஸ் மெதுவாகத் தலையை ஆட்டினான். சொல்லு, சொல்லு என்கிற மாதிரி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நீ யாருடா எனக்குத் தலையாட்ட?

"சூப்பர், டாக்டர்" என்றேன். அதோடு விட்டேனா? கட்டிலிலிருந்து குதித்து மூன்று முறை உட்கார்ந்து எழுந்து காட்டினேன். உள்ளே நொறுங்கியது. முகத்தில் சிரிப்பு.

"ரொம்ப நல்லது" என்றார் விட்கோம். ஜாவரியஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

காரில் ஏறி, பெல்ட்டை மாட்டும்போதுதான் உறைத்தது. பெர்னெல்.

நவம்பர் 15

எருமைக்குக்கூட வலிச்சா கத்தத் தெரியும்.

நவம்பர் 26

ஊருக்கு வந்து ஒரு வாரம். காற்றில் கரும்புச் சாம்பல் பறக்கிறது. ஒரு டீமும் கூப்பிடவில்லை. அம்மா வேலைக்குப் போகும்போது ஜன்னலை அடைத்துவிட்டுப் போகிறாள், எனக்கு இன்னும் ஒன்பது வயது என்கிற மாதிரி.

டிவியில் ஆட்டம். என் இடத்தில் ஜாவரியஸ். மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். எழ நேரமானது. எழுந்தான், கணுக்காலைத் தரையில் வைக்காமல், கோச் பக்கம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். சனியன் பிடித்தவனே, காட்டாதேடா. டிவியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

பிறகு பெர்னெலுக்கு ஃபோன் போட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது பாய் மாதிரி சுருட்டின புல்தரை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறான்.

"டாக்டர்கிட்ட என்னடா சொன்ன?"

சொன்னேன்.

அப்புறம் லாரி குலுங்குகிற மாதிரி சிரித்தான். "உக்காந்து எந்திரிச்சு வேற காட்டினியா! நான்கூட அதைச் செய்யலடா மச்சான்! ஏதோ எருமைன்னு சொன்னியாமே என்னைய?"

"ஆமா."

"சரி, எருமைக் கூட்டத்துக்கு வா. கேளு. வெளி டாக்டர்கிட்ட காட்டு. எங்கெங்க எத்தனை நாளா வலிக்குதுன்னு உன் வாயால சொல்லு. அதை வச்சு ஆட்டக்காரங்க சங்கத்துல வழக்குப் போடலாம், கெடு முடியறதுக்குள்ள. நான் போட்டிருக்கேன். கிடைக்குமா, தெரியாது. ஆனா அங்கயும் போயி சூப்பர்னு சொன்ன, லாரியோட வந்து மிச்ச முட்டியையும் ஏத்திட்டுப் போயிருவேன்."

டிசம்பர் 4

கிளினிக். கரும்பாலைக்காரர்கள், சோளப் பொட்டலம் கட்டுகிறவர்கள், ஹைத்திக்காரர்கள், கைக்குழந்தைகள். இரண்டு பேர் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நர்ஸாக டெல்ஃபின், என்னோடு பள்ளியில் படித்தவள்.

"ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு வலி?"

"ரெண்டு."

பேனாவைக் கீழே வைத்தாள். "இங்க கேமரா இல்ல ராஸ். பின்னாடி நாப்பது பேர் நிக்கிறாங்க. சீக்கிரம் சொல்லு."

சுவரைப் பார்த்தேன். வாய் தானாகச் சூப்பருக்குக் குவிந்தது. அடக்கினேன்.

"ஒன்பது" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

அவள் ஆச்சரியப்படவில்லை. அடுத்தது, இடுப்பு? கழுத்து? தலை? என்று கேட்டுக்கொண்டே போனாள். நானும் சொல்லிக்கொண்டே போனேன். நிறைய இருந்தது.

கிளினிக் வாசலில் ஆறு படி. அதில் ஊரே உட்கார்ந்திருந்தது. திரும்பி நின்று, கைப்பிடியைப் பிடித்து, பின்பக்கமாக இறங்கினேன். வழிவிட்டார்கள்.