பத்தொன்பது மில்லிமீட்டர்

பிப்ரவரி 11

எக்கோ அறையில் ஏசி ஓடவில்லை. ஜெல் வெதுவெதுவென்று இருந்ததில் நோயாளிகளுக்குச் சந்தோஷம். கடைசியாக அக்கா வந்தாள், வருஷாந்திரப் பரிசோதனைக்கு. இதய வால்வு மாற்றி ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை என்னைத் தவிர யாரையும் ஸ்கேன் எடுக்க விட்டதில்லை. வீட்டிலேயே ஆள் இருக்கும்போது ஊரான் கை எதற்கு என்பாள்.

மூச்சு வாங்குகிறது என்றாள். எண்கள் போன வருஷம் போலத்தான் வந்தன. உடம்பைக் குறை, தினமும் நட, ஹாஸ்டலில் சமையல் வேலைக்கு நிற்பதெல்லாம் நடையாகாது என்று பிடித்துத் திட்டினேன்.

“ஸ்கேனோட சேத்து அட்வைஸும் ஓசியா?” என்றாள்.

பிப்ரவரி 12

ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

பிப்ரவரி 19

அக்கா சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டாள். உதட்டில் தையல். மாமா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்தார். டாக்டர் உடனே எக்கோ எடுக்கச் சொன்னார், என்னை இல்லை, குச்சியை. (புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன். அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயர்.) நான் பின்னால் நின்றேன்.

வழக்கமான இடங்களில் எல்லாம் பார்த்துவிட்டு, குச்சி அக்காவை வலது பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்தாள். மார்பெலும்பின் வலது ஓரத்தில் ஸ்கேன் கருவியின் முனையை, அந்த ப்ரோபை, வைத்து அழுத்தினாள். அக்கா கத்தினாள்.

அங்கே நான் வைத்ததே இல்லை. வால்வு ஆபரேஷனில் எலும்பைக் கட்டிய கம்பி அங்கேதான் உறுத்துகிறது. முதல் வருஷம் வைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்து, அங்க மட்டும் வேணாம்டி என்றாள். சரி என்று கீழிருந்தே எடுத்தேன். படம் அழகாகத்தான் வந்தது.

வால்வின் வாய் குறுகலாக இருந்தால் இரத்தம் வேகமாகப் பீறிடும். அந்த வேகத்தைத்தான் அளக்கிறோம். பாய்ச்சலுக்கு நேர் எதிரே ப்ரோபை வைக்காமல் சாய்வாக வைத்தால் வேகம் குறைவாகக் காட்டும். அதனால் எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும், வலது பக்கத்தை விடவே கூடாது. குச்சிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

என் ரிப்போர்ட்டுகளில் நொடிக்கு மூன்று மீட்டர். இன்று திரையில் நாலரை. குச்சி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 20

டாக்டர் மாமாவையும் என்னையும் உட்கார வைத்துப் பேசினார். வால்வு கெட்டுப் போகவில்லை, ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. அது அக்கா உடம்புக்கு முதல் நாளிலிருந்தே சின்னது. அவளுடைய பெரிய இரத்தக் குழாயின் அடிப்பாகம் குறுகல். பெரிய வால்வு வேண்டுமென்றால் அதைக் கீறி ஒட்டுப் போட்டு அகலப்படுத்த வேண்டும். அன்றைக்கு அவள் இருந்த நிலைமையில் சர்ஜன் அந்தளவுக்குப் போகாமல், பொருந்தியதை வைத்திருக்கிறார். பத்தொன்பது மில்லிமீட்டர். உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு அது போதும். அண்டா தூக்கும் உடம்புக்குப் போதாது.

இதயச் சுவர் தடித்துவிட்டதாம். முதல் இரண்டு வருஷத்திலேயே தெரிந்திருந்தால், என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். இரண்டாவது முறை என்பதால் ஆபத்து அதிகம்.

“அவ தங்கச்சி வருஷா வருஷம் பாத்துக்கிட்டுதானே இருந்துச்சு?” என்றார் மாமா.

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தார்களா என்று ஞாபகமில்லை.

பிப்ரவரி 21

வலிக்குதுன்னா. விட்டுட்டேன். அவ்வளவுதான் நடந்தது. வேற யாரா இருந்தாலும் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கங்கம்மான்னு சொல்லி அழுத்தியிருப்பேன். ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் ஒழுங்கா பாத்தேன், கூடப் பொறந்தவளுக்கு மட்டும் —

மூச்சு விட முடியாதவளைப் போய் நட நடன்னு விரட்டியிருக்கேன். சோம்பேறின்னுகூடச் சொன்னேன். சொன்னேனா? சொன்னேன்.

பிப்ரவரி 23

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், வேறு யார் வீட்டுக் கதையோ போல. கேட்டு முடிக்கும்வரை அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. சுளைகளைத் தட்டில் வைத்தாள்.

“அப்ப எனக்கு மூச்சு வாங்குறது கொழுப்பாலன்னு ஊரே சொன்னுச்சே, அது?” என்றாள்.

நான் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

“வெளிய போ.”

போனேன்.

பிப்ரவரி 24

வேலைக்குப் போனேன். எல்லாருக்கும் வலது பக்கம் பார்த்தேன். ஒரு பெரியவர், என்னம்மா இந்த அமுக்கு அமுக்குற என்று கோபப்பட்டார்.

பிப்ரவரி 27

நாளை ஆபரேஷன். என்னைக் கேட்டாளா என்று மாமாவிடம் கேட்டேன். வரச் சொல்லவும் இல்லை, வராதே என்றும் சொல்லவில்லை என்றார். பாவம் மனுஷன், இரண்டு பக்கமும் இடிபடுகிறார்.

பிப்ரவரி 28

அவளை மேலே கொண்டு போனார்கள். நான் கீழே ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் சர்ஜன் வெளியே வந்தார். அகலப்படுத்தி இருபத்துமூன்று வைத்தாயிற்று. ஆனால் பழைய தழும்பு ஒட்டிக்கிடந்ததில் இரத்தம் நிறையப் போயிருக்கிறது. இதயம் திரும்ப ஓட யோசித்ததாம். இப்போது வென்டிலேட்டரில் இருக்கிறாள். ராத்திரி தாண்டினால் பார்க்கலாம் என்றார். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் எனக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது.

மார்ச் 1

தாண்டிவிட்டாள்.

மார்ச் 3

கண் விழித்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என்னைப் பார்த்தாளா தெரியவில்லை.

மார்ச் 12

வீட்டுக்குப் போய்விட்டாள். மாமாதான் ஃபோனில் சொன்னார்.

ஏப்ரல் 2

ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 20

எடுத்தாள். நல்லா இருக்கேன் என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூன் 8

அக்காவுக்கு இன்று எக்கோ. நானும் குச்சியும் டியூட்டியில் இருந்தோம். பெயரைக் கூப்பிட்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து கையுறையை மாட்டிவிட்டேன். அவள் வாசலிலேயே நின்றாள்.

“நீ வேணாம். இந்தப் பொண்ணு பாக்கட்டும்.”

இதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். கையுறையைக் கழற்றினேன். அவள் போகாமல் என்னையே பார்த்தாள்.

“நான் கத்துனாலும் இவ விடமாட்டா. நீ விட்டுடுவ,” என்றாள். பிறகு பையையும் மூக்குக்கண்ணாடியையும் என் கையில் திணித்தாள். “வெளிய உக்காரு. எனக்கும் ஒரு ஆள் வெளிய உக்கார வேணாமா?”

இத்தனை வருஷம் வேலை பார்த்தும் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுகிறது. உள்ளேயிருந்து அவள் கத்துவது கேட்டது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவள் எண்ணைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் அறை கீழ்த்தளம், டாக்டரைப் பார்க்க மேல்தளம் போக வேண்டும். லிஃப்ட் வரட்டும் என்றேன், காதில் வாங்காமல் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். முதல் படியிலேயே ஆரம்பித்துவிட்டாள். நீயெல்லாம் ஒரு டெக்னீஷியனா, உன்னை நம்பி நெஞ்சைக் குடுத்தேன் பாரு, சோம்பேறின்னா சொன்ன, யாருடி சோம்பேறி, ஃபோன் எடுக்கலைன்னா நேர்ல வரத் தெரியாதா, இளைச்சுப் போயிருக்கியே, சோறு கீறு திங்கறியா இல்லையா. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். மேல்தளம் வரை திட்டிக்கொண்டே போனாள். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை.