முனிரத்தினத்தின் காது மிஷின்

திருத்தணி, 12 ஜூன் 1979, செவ்வாய்

எங்கள் ஆஸ்பத்திரி கொடுத்த காது மிஷினால் முனிரத்தினத்துக்குப் பயன் உண்டா? எனக்குத் தெரியவில்லை. இன்று ஆர்.கே.பேட்டையில் அவர் எதிரே உட்கார்ந்து மெல்லிய குரலில் சொற்களைச் சொன்னேன். ஒன்றையும் விடாமல் திருப்பிச் சொன்னார்.

"நல்லா கேக்குதுங்க. நீங்க எதுக்கு பயந்துகினு பேசுறீங்க?" என்று சிரித்தார்.

அவர் மகள் கனகா பக்கத்தில் நின்றிருந்தாள். "அப்போ கொழந்தைய நைனாகிட்ட வுட்டுட்டு நாளைக்கே தறிக்குப் போலாங்களா?"

போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. விசைத்தறி இரைச்சலிலேயே காலம் தள்ளியவர் அவர். அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். நான் வாயை மறைக்கவே இல்லை. தறிக்குப் போகாதே என்று கனகாவுக்கு இந்நேரத்தில் சொல்லி அனுப்பவும் ஆளில்லை.

புதன்

முதல் பஸ்ஸில் போனேன். கனகா சாப்பாட்டு டப்பாவுடன் வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். உள்ளே முனிரத்தினம் மிஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் தூளியில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"சௌக்கியமா?" என்றேன்.

என் வாயைப் பார்த்தார். "ஆங், சௌக்கியந்தாங்க. உக்காருங்க."

கனகா டப்பாவைக் கீழே வைத்தாள்.