தேய்க்காமல் விட்ட மணல்

என் வீட்டுச் சக்கரவர்த்தினிக்கு,

இங்கே நான் குன்றுபோலத் திடமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகள் சண்டை போடாமல் சாப்பிடுகிறார்களா?

எங்கள் குடிநீர் நிலையத்தின் ஏரி போன வாரம் பாசி பிடித்து, கிளியே வெட்கப்படும் பச்சையானது. பாசியின் விஷம் தண்ணீரில் கலந்தது, காய்ச்சினாலும் போகாது. ஊர்க் குழாய்களை மூடிவிட்டோம். பயப்படாதே, நான் குடித்தது லாரித் தண்ணீர்.

தண்ணீரை வடிகட்டும் மணல்மேல் வழவழவென்று ஒரு படலம் இருந்தது. பெரிய இன்ஜினீயர், "குளோரின் ஊத்திப் பளிச்சுன்னு கழுவுய்யா" என்றார்.

"வேணாம் சார். அதுல வாழற பாக்டீரியாதான் விஷத்தைத் தின்னும். அதுங்க பந்தியில உட்கார நாலு நாள் ஆகும், அவ்வளவுதான்" என்றேன்.

"சோம்பேறித்தனத்துக்கு இப்படியொரு பேரா? சரி, நாலு நாள். விஷம் போகலைன்னா நீ மூட்டையைக் கட்டு!"

நாலு நாளும் கோட்டைத் தளபதிபோல மணலைக் காத்தேன். ஈ வந்து உட்கார்ந்தால்கூட அனுமதிச் சீட்டு கேட்டேன். ஐந்தாம் நாள் சோதனையில், வடிகட்டிய நீரில் விஷமே இல்லை. முதல் டம்ளரை இன்ஜினீயரே குடித்தார். குழாய்கள் திறந்தன.

பாத்திரம் தேய்க்கத் தெரியாதவன் என்று இருபது வருடம் திட்டினாயே, இன்று நான் தேய்க்காத புண்ணியத்தில் ஓர் ஊரே தண்ணீர் குடிக்கிறது!

வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதிவிட்டது. இங்கே குளிர் அதிகம். நம் கட்டிலில் கிடக்கும் பழைய போர்வையை அனுப்பிவை. துவைத்துவிடாதே. அப்படியே அனுப்பு.

மணல் தளபதி,
உன் வீட்டுக்காரன்