ஆல்டர்னேட்டர் நின்ற மாலை

பிப்ரவரி 8, சனி

இன்றும் மின்சார மீட்டரின் ஊசி ஆடியது. ராஜமாணிக்கம் சாரின் நான்கு இருக்கை விமானத்தில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் சாகக் கிடக்கிறது. மெக்கானிக் அர்ஜுனன் அண்ணா கழற்றிப் பார்த்துவிட்டு, "பிரஷ் தேஞ்சி போச்சும்மா. மாத்தாம எடுக்காத" என்றார். விமானத்தின் குறிப்புப் புத்தகத்தில் அதை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சார் படிக்கக்கூட இல்லை. "பௌர்ணமி முடியட்டும் இனியா, பாத்துக்கலாம்." சென்னையிலிருந்து ஒரு தம்பதி வருகிறார்களாம். கிரிவலக் கூட்டத்தை மேலிருந்து காட்ட வேண்டுமாம். விமானம் ஓட்ட இந்த ஊரில் எனக்கு வேறு யார் வேலை தரப்போகிறார்கள்? இப்படி யோசித்ததை எழுதவே கூசுகிறது.

பிப்ரவரி 11

மாட்டேன் என்று சொல்லப் போனேன். சொல்லாமல் வந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை.

கீழ்பென்னாத்தூர் தாண்டி இருக்கும் சாரின் சொந்த ஓடுதளத்திலிருந்து பௌர்ணமி மாலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். அவர் என் பக்கத்தில், தம்பதி பின்னால். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு மாடி தெரிந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. ஆல்டர்னேட்டர் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டேன். வரவில்லை. என்ஜின் நிற்காது, அதற்குத் தீப்பொறி தனியாக வருகிறது. மற்றதெல்லாம் பேட்டரியில் இருக்கிற மிச்சம்தான் - அந்த பேட்டரியும் கிழம். ஓடுதளத்தில் விளக்கு கிடையாது. இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். வேண்டாதவற்றை எல்லாம் அணைத்துவிட்டுத் திருப்பினேன்.

"ஏம்மா திருப்புற? நிலா இன்னும் வரலையே. இன்னொரு ரவுண்டு போ."

"கரன்ட் போயிடுச்சு சார். இறங்கணும்."

"என்ஜின் ஓடுதுல்ல? வந்தவங்க முன்னாடி மானத்த வாங்காத."

பின்னால் அந்த அம்மா வாந்தி எடுத்தார். சார் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜன்னல் வழியே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "இன்னொரு ரவுண்டு" என்று மறுபடி ஆரம்பித்தார்.

"வாய மூடுங்க சார்!" கத்திவிட்டேன்.

ரேடியோ செத்தது. இறங்கும்போது வேகத்தைக் குறைக்கிற இறக்கை ஃபிளாப்பும் கரன்ட்டில்தான் வேலை செய்யும், அசையவில்லை. வழக்கத்தைவிட வேகமாகத் தரை தொட்டோம். பிரேக் போதவில்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு வேர்க்கடலைக் கொல்லைக்குள் போய் நின்றோம். யாருக்கும் அடியில்லை.

கொல்லைக்காரர் காசியம்மாள் ஓடிவந்தார். "மல்லாட்ட போனா போவுது, உள்ள யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?" அதைக் கேட்டது அவர் ஒருவர்தான். சார் விமானத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 14

சாரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்: 'அண்ணாமலையார் காப்பாற்றினார்.'

மதியம் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். எச்சரிக்கை விளக்கை நான் கவனிக்காமல் விட்டுவிட்டதாக டைப் செய்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. காப்பாற்றியது சாமி, கெடுத்தது நானா? குறிப்புப் புத்தகத்தைப் பிரித்தேன். நான் எழுதிய பக்கம் இல்லை. கிழித்த ஓரம் மட்டும்.

"அர்ஜுனனே எல்லாம் சரியா இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டான். உனக்கென்ன?"

அர்ஜுனன் அண்ணாவா?

த்தூ.

பிப்ரவரி 15

அர்ஜுனன் அண்ணாவிடமே கேட்டேன். "எம் பொண்ணுக்கு காலேஜ் சீட்டு சாருதாம்மா வாங்கிக் குடுத்தாரு" என்றார், தரையைப் பார்த்தபடி. திட்ட வாயெடுத்தேன். ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியம்? தெரிஞ்சேதானே மூணு பேர ஏத்திக்கிட்டுப் போனேன்?

பிப்ரவரி 17, திங்கள்

விமானத் துறை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். சார் பேசியது, கிழித்த பக்கம், எல்லாம். கடைசி வரிக்குத்தான் ஒரு மணி நேரம் ஆனது: 'பழுது தெரிந்தும் நான் ஓட்டினேன்.'

சாருக்கும் ஒரு நகல். வேலை போய்விட்டது.

மார்ச் 20, வியாழன்

சென்னையில் விசாரணை. அதிகாரி கேட்டார், "தெரிஞ்சும் ஏன் எடுத்தீங்க?"

"வேலை போயிடும்னு பயம் சார்."

வெளியே பெஞ்சில் அர்ஜுனன் அண்ணா. "நானும் உள்ளத சொல்லிட்டேம்மா" என்றார். தலையாட்டினேன். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாக இருந்தது. போய் உட்கார மனம் வரவில்லை.

ஏப்ரல் 3

முடிவு வந்தது. எனக்கு மூன்று மாதம் பறக்கத் தடை. ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் மாற்றிச் சோதிக்கும்வரை விமானம் எழக்கூடாது. சாருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்.

கடிதம்!

மே 12, சித்ரா பௌர்ணமி

சாரிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் பைலட் வளவன் காலையில் போன் செய்தான். "சார் உங்கள ரொம்பத் திட்டறாருக்கா."

"திட்டட்டும்."

"ஆனா எல்லாம் புதுசு போட்டாச்சு. நானே கூட நின்னு பாத்தேன். அத சொல்லத்தான் பண்ணேன்."

மாலை மாடியில் துணி எடுக்கும்போது சத்தம் கேட்டது. "அந்த ஆளு ஏரோபிளேன்தானே? அத ஏன் பாக்கற, கீழ வா" என்று அம்மா கூப்பிட்டாள்.

வெயில் போய் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. மலையை விட்டு விலகி, நிதானமாக வந்து திரும்பியது. ஓர் இறக்கை முனையில் சிவப்பு, இன்னொன்றில் பச்சை. இரண்டும் எரிந்தன.

கீழ்பென்னாத்தூர் பக்கம் அது புள்ளியாகி மறையும்வரை நின்றுவிட்டுத்தான் இறங்கி வந்தேன்.